பெருந்தேரியில் நாலு சக்கரம்

பிப்ரவரி 9, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. வெள்ளை நிறம், ஏழு வருடப் பழசு, நாலு சக்கரமும் இழுக்கும். சுகந்தி ஒருமுறை சுற்றி வந்து பார்த்தாள். "ஏறதுக்கு ஏணியும் சேத்துக் குடுத்தாவளா, இல்ல தனியா வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் வாங்கிய எதையும் அவள் இதற்கு மேல் பாராட்டியதில்லை.

எதற்கு வாங்கினேன் என்று தூத்துக்குடியில் என் கடையில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். டைல்ஸ் கடைக்காரனுக்கு எதற்கு மலையேறும் வண்டி என்று ஒரு கொத்தனார் கூடக் கேட்டார். காரணத்தை இங்கே எழுதிவைக்கிறேன். எங்கள் குலதெய்வம் பெருந்தேரி சாஸ்தா. திருச்செந்தூர்ப் பக்கம் வராதவர்களுக்குத் தேரி என்றால் தெரியாது. தமிழ்நாட்டில் பாலைவனம் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தவர்களை ஒரு நாள் சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் இங்கே இறக்கிவிட வேண்டும். கண்ணுக்கு எட்டியவரை செக்கச்சிவந்த மணல்மேடு, ஊடே பனையும், நாங்கள் கொல்லாமரம் என்கிற முந்திரியும். தார்ரோடு முடியும் இடத்திலிருந்து சாஸ்தா உட்கார்ந்திருக்கும் இடம்வரை முழுக்க மணல்தான். பங்குனி உத்திரத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் நடந்தோ டிராக்டர் டிரெய்லரிலோ போய்ப் பொங்கல் வைப்போம்.

போன வருடம் நான் என் சின்னக் காரை உள்ளே விட்டேன். அது புதைந்தது. ஆதிலிங்கம் அத்தான், அதாவது என் அக்கா பட்டுக்கனியின் வீட்டுக்காரர், டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தார். இழுத்ததோடு விட்டாரா? மொத்தச் சொந்தமும் பொங்கல் கரண்டியோடு நின்று பார்க்கும்போது, "ஏ மாப்ள, ஒன் வண்டிக்கு நாலு சக்கரம் இருக்கு, இழுக்கது ரெண்டுதானாமே? மத்த ரெண்டும் விருந்தாளியா?" என்றார். ஒரு வருடமாக எந்தக் கல்யாணவீட்டுக்குப் போனாலும் "விருந்தாளி சௌக்கியமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அதற்காகத்தான் இந்த வண்டி. வேறு எந்தக் காரணமும் இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

வண்டியோடு வந்த புத்தகத்தைப் படித்தேன். கியருக்குப் பக்கத்தில் ஒரு திருகு. 2H என்றால் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். 4H என்றால் நாலும். 4L என்றால் நாலும் இழுக்கும், ஆனால் மெதுவாக, முழு வலுவோடு.

அதற்கு மேலே ஒரு பொத்தான். ஒரு கார் வழுக்கிக்கொண்டு போவதுபோலப் படம். டிராக்ஷன் கன்ட்ரோல். ஒவ்வொரு சக்கரமும் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்குமாம். ஒன்று மட்டும் பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றினால் அதற்குப் பிரேக் போட்டுவிட்டு, அந்த வலுவைத் தரையைப் பிடித்திருக்கும் சக்கரத்துக்குத் தள்ளிவிடும். எஞ்சினையும் அடக்கும். எங்கள் வீட்டில் இந்த வேலையைச் சுகந்தி செய்கிறாள். வெட்டியாய்ச் சுற்றுகிறவனைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, வேலை செய்கிறவன் தலையில் மீதியையும் கட்டுவாள்.

பிப்ரவரி 12, புதன்

கேஸ் சிலிண்டர் எடுத்து வந்தேன். 4L தேவைப்படவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

புளியடிவிளைக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். கார்த்திகையிலிருந்து முதுகுவலி. இடுப்பில் பெல்ட் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். திருநெல்வேலியில் முதுகுக்குக் கரண்ட் வைத்திருக்கிறார்கள். ஆள் பாதியாகிவிட்டாள். வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"என்னல, வண்டி வாங்கிருக்கியாம? கதவத் தொறந்துகிட்டு உள்ள போவியா, மாடிப்படி ஏறிப் போவியா?"

இந்த வருடம் கோயிலுக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எலும்பு அப்பளம் மாதிரி இருக்கிறதாம். குலுங்கக்கூடாது. பஸ்ஸே கூடாது என்கிறபோது டிராக்டர் டிரெய்லர் பேச்சுக்கே இடமில்லை. அக்கா கேட்கிறமாதிரி இல்லை. பிறந்ததிலிருந்து ஒரு பங்குனி உத்திரம் தவறியதில்லை, இந்த வருடம் கட்டாயம் போகணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நாற்காலியோடு வைத்து ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அத்தான் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

"நாலு பேரு என்னத் தூக்கிட்டுப் போற நாளு தன்னால வரும். அதுக்கு முந்தி ஒருத்தனும் என்னத் தூக்கக்கூடாது. சொல்லிப்புட்டேன்."

நான் சும்மா இருக்கமுடியாமல் என் வண்டியில் வாயேன் என்றேன். அக்கா ஜன்னல்வழியாக வண்டியைப் பார்த்தாள். "குலுங்காம கூட்டிட்டுப் போவியா?" என்றாள். போவேன் என்று சொல்லிவிட்டேன். வண்டி எப்படியும் போகத்தான் போகிறது, பின்சீட்டு சும்மாதானே கிடக்கிறது. ஏறிக்கொண்டால் ஏறட்டும்.

கிளம்பும்போது அத்தான் மாட்டுத்தொழுவம்வரை கூடவே வந்தார். "முதுகுவலின்னுதான் அவகிட்டச் சொல்லிருக்கோம், மாப்ள. நீயும் அப்படியே இரு" என்றார். நான் முதுகுவலி என்றுதான் எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

முதல் பயிற்சி. ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்துப் போனேன்.

முதலில் ஒரு காய்ந்த ஓடை. கல்லும் பள்ளமுமாக இருந்தது. குறுக்கே ஏறும்போது முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் அந்தரத்தில் தொங்கின. தொங்குகிற இரண்டும் காற்றில் வீணாகச் சுற்றின. அப்போது அடியில் கடகடவென்று ஒரு சத்தம். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது. சுற்றிய சக்கரங்கள் நின்றன, தரையில் இருந்த இரண்டும் ஒரு உந்து உந்தின, வண்டி கரையேறிவிட்டது. நான் ஒன்றுமே செய்யவில்லை. இறங்கி பானெட்டுக்கு ஒரு முத்தம் கொடுத்தேன். கொதித்துக்கொண்டிருந்தது, உதடு பொத்துவிட்டது.

அந்தத் திமிரிலேயே மணலுக்குள் விட்டேன். அதே விளக்கு கண் சிமிட்டியது. ஆனால் மணலில் ஒரு சக்கரமா வழுக்குகிறது? நாலும்தான் வழுக்குகிறது. கம்ப்யூட்டர் நாலுக்கும் பிரேக் போட்டது, எஞ்சின் கழுத்தையும் பிடித்து நெரித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பழைய செருப்பை மிதிக்கிற மாதிரி இருந்தது. வேகம் செத்து, வண்டி பெட்டைக்கோழி அடைகாக்க உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

டிபன்பாக்ஸ் மூடியால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தேன். கொல்லாம்பழம் பொறுக்க வந்த பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "அண்ணாச்சி, தங்கமா தோண்டுதீய?" என்று ஒருத்தி கேட்டாள். சிரித்து முடித்துவிட்டுத் தள்ளிவிட்டார்கள். இது அத்தான் காதுக்குப் போகாது என்று நம்புகிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் அத்தான் போன் பண்ணி, "தங்கம் கெடச்சுதா மாப்ள?" என்றார்.

மார்ச் 2, ஞாயிறு

துபாயில் ஒரு மலையாளி பாலைவனத்தில் வண்டி ஓட்டுவதை வீடியோ போடுகிறான். ராத்திரி பகலாக அவனைத்தான் பார்க்கிறேன். பாதி புரியவில்லை, ஆனால் கை ஜாடையில் புரிகிறது. அவன் சொல்வது இரண்டு விஷயம்.

மணலில் இறங்குமுன் டிராக்ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடு. பொத்தானைச் சும்மா தொட்டால் பாதிதான் அணையும், விளக்கு கண் சிமிட்டாமல் நின்று எரியும்வரை விடாமல் அமுக்கிக்கொண்டிரு. மணலில் வண்டிக்கு ஓட்டம் வேண்டும், ஓட்டத்துக்குச் சக்கரம் கொஞ்சம் வெட்டியாய்ச் சுற்றத்தான் வேண்டும். கல்லில் தெய்வமாக இருந்தது மணலில் பேயாகிவிடும்.

இரண்டாவது, டயர் காற்றைப் பாதியாக இறக்கிவிடு. காற்று குறைந்தால் டயர் தட்டையாகப் படர்ந்து, மணலைக் கிழிக்காமல் மேலே மிதித்துப் போகும். ஒட்டகத்துக்குப் பாதம் அப்படித்தானே இருக்கிறது.

இரண்டையும் செய்தேன். வண்டி போயிற்று! தோணியில் போகிற மாதிரி அலுங்காமல் போயிற்று. நான் கத்திய கத்தலைக் கேட்க ஒரு மயில்தான் இருந்தது. அதுவும் பறந்துவிட்டது. திரும்ப தார்ரோட்டுக்கு வந்ததும் கால்பம்பு வைத்துக் காற்றை ஏற்றினேன். முழங்கால் கழன்றுவிட்டது.

காற்று ரகசியத்தை யாரிடமும் சொல்லப்போவதில்லை. முக்கியமாக அத்தானிடம். பங்குனி உத்திரத்தன்று நான் எப்படிப் போனேன் என்று அவர் மண்டையைப் பிய்த்துக்கொள்ளட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

வண்டி எவ்வளவு குலுங்குகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி கண்டுபிடித்தேன். செம்பில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிப் பின்சீட்டில் இடதுபக்கம் தலையணைகளுக்கு நடுவே வைத்து, மணலில் ஓட்டிவிட்டு, எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பது. முதல் நடையில் பாதி சீட்டில் இருந்தது. காற்றை இன்னும் கொஞ்சம் இறக்கி, மேட்டில் ஏறும்போது காலை எடுக்காமல், இறங்கும்போது பிரேக்கைத் தொடாமல் ஓட்டினால் கால்வாசிதான் சிந்துகிறது.

சுகந்தி நனைந்த சீட்டைப் பார்த்தாள். செம்பைப் பார்த்தாள். நான் சஸ்பென்ஷன் சோதனை என்றேன். "எந்த சஸ்பென்ஷன் எடது பக்கம் மட்டும் ஒக்காரும்?" என்றாள். சாயங்காலம் பார்த்தால் இலவம்பஞ்சு அடைத்து ஒரு மெத்தை தைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

வழுக்காத டைல்ஸ் வேண்டும் என்று ஒருவர் வந்தார். அவருக்கு டிராக்ஷன் கன்ட்ரோல் பற்றி விளக்கினேன். வேறு கடைக்குப் போய்விட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

அத்தான் தானாகவே வந்து வண்டியில் ஏறிக்கொண்டார். பார்க்கணுமாம். ரோட்டோரம் இருக்கிற கெட்டி மணலில் மட்டும் ஓட்டிக் காட்டினேன். காற்று இறக்கவில்லை, ரகசியம் ரகசியம்தான். பொத்தான், விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் விளக்கினேன்.

"நம்ம டிராக்டர்ல காலுக்கிட்ட ஒரு மிதி இருக்கு பாத்துக்க. அத மிதிச்சா பின்னால ரெண்டு சக்கரமும் ஒண்ணாச் சுத்தும். அதுக்கு எந்தக் கம்ப்யூட்டர் கிட்டயும் சம்மதம் கேக்கண்டாம்."

"டிராக்டர்ல நட்டெலும்பும் ஒண்ணாச் சுத்தும் அத்தான்."

பெருமையாகத் திரும்பினால், அவர் பின்சீட்டில் மெத்தைக்கு நடுவே இருந்த செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை ஜன்னல்பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மண் விழுந்துவிட்டதாம். கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது.

மார்ச் 28, வெள்ளி

அக்காவை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். டாக்டர் அத்தானையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். தீபாவளிவரை என்று நான் கேட்க ஆரம்பித்ததற்கே அவர் மேஜையைப் பார்த்தார்.

இன்றைக்கு எழுதிவிடுகிறேன். அது முதுகுவலி இல்லை, புற்றுநோய். மார்பில் தொடங்கி முதுகெலும்புக்கு வந்துவிட்டது. அக்காவுக்குத் தெரியாது. இனியும் தெரியக்கூடாது என்று அத்தானும் நானும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று முடிவு செய்தோம். வெளியே வந்ததும் அக்கா, "என்னல, ரெண்டு பேரும் பரீச்சையில தோத்த மாதிரி வாரிய?" என்று கேட்டாள். கேன்டீன் டீ சரியில்லை என்று அத்தான் சொன்னார்.

அவளைச் சாஸ்தா முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். டிராக்டரும் வேண்டாம், விருந்தாளிப் பேச்சும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம். குலுங்காமல் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

செம்பு வைத்து மூன்று நடை. கடைசி நடையில் ஒரு மடக்கு அளவுதான் சிந்தியது.

ஏப்ரல் 10, வியாழன்

குடும்பத்தோடு புளியடிவிளைக்கு வந்துவிட்டோம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நாளைக்குக் காலையில் நேரம் மிச்சமாகட்டும் என்று, வெளிச்சம் இருக்கும்போதே நாலு டயரிலும் காற்றைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டேன். அத்தான் வீட்டு வாசலில்தான் வண்டி நிற்கிறது. வீட்டிலிருந்து தார்ரோடு முடிகிற இடம் பக்கம்தான், பையப் போய்விடலாம்.

அக்காவுக்கு வெங்காயப் பச்சடி வேண்டுமாம். அரிந்து கொடுத்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி. பங்குனி உத்திரம்

இதை எழுதும்போதும் விரல் இடுக்கில் சிவப்பு மண் இருக்கிறது.

காலையில் வண்டிக்கு மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஒரு வண்டி கோயிலுக்குப் போகிறது என்றால் நம் ஆட்களுக்கு அது பொதுச்சொத்து. பொங்கப்பானை, விறகு, தண்ணீர் கேன், இரண்டு பெரியம்மாக்கள் என்று பின்னால் ஏற ஆரம்பித்தார்கள். சுகந்தி கதவை மறித்து நின்று, "அண்ணி மட்டுந்தான். மீதி எல்லாம் டிராக்டர்" என்றாள். ஒரு பெரியம்மா மூஞ்சியைத் தூக்கிக்கொண்டார். அக்கா மெத்தையில் சாய்ந்து, பக்கத்தில் சுகந்தி, முன்னால் அத்தான். டிராக்டரை அவர் தம்பியிடம் கொடுத்துவிட்டார்.

தார்ரோடு முடிந்தது. பொத்தானை அமுக்கிப் பிடித்தேன், விளக்கு நின்று எரிந்தது. 4H போட்டேன். மணலில் இறங்கினதுமே என்னவோ சரியில்லை என்று தெரிந்தது. வண்டி மிதக்கவில்லை, கட்டை வண்டிமாதிரி தடதடத்தது. அக்கா பல்லைக் கடிப்பது கண்ணாடியில் தெரிந்தது. அதைப் பார்த்ததும் கால் தன்னாலே ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டது. ஓட்டம் நின்றது, முடிந்தது கதை. மறுபடி மிதித்தேன். நாலு சக்கரமும் நாலு குழி தோண்டின. விளக்கை அணைத்துப் பார்த்தேன், ஏற்றிப் பார்த்தேன், 4L போட்டுப் பார்த்தேன். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கியதுதான் மிச்சம். வண்டியின் வயிறு மணலில் படிந்துவிட்டது.

நடந்து வந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். "விருந்தாளி வந்தாச்சு" என்று ஒரு குரல்.

காலை அமளியில் பார்க்காமல் விட்ட டயரை இறங்கிப் பார்த்தேன். கல்மாதிரி உருண்டையாக நின்றது. காற்று அளக்கிற கேஜை வைத்தால் தார்ரோட்டுக்குப் போடுவதைவிடவும் அதிகம் காட்டியது. நாலிலும் அப்படித்தான்.

"எவன் காத்து அடிச்சது?"

அத்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நாந்தான்" என்றார். "காலையில வெளிய வந்து பாத்தா நாலு டயர்லயும் காத்தே இல்ல. எவனோ வயித்தெரிச்சல்ல புடுங்கி விட்டுருக்கான்னு நெனச்சேன். சாமிக்குப் போற வண்டில்லா? ஒனக்கு எதுக்கு மனக்கஷ்டம்னு ஒங்கிட்டச் சொல்லல. ஒன் கால்பம்ப எடுத்து நாலுக்கும் நானே கும்முன்னு அடிச்சிட்டேன்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினேன். "ஒமக்கு இந்த வருசமும் என்ன டிராக்டர்ல கட்டி இழுக்கணும். அதுக்குத்தான இந்த வேல பாத்தீரு?"

அத்தான் முகம் வெளுத்துவிட்டது. "ஏல, உள்ள இருக்கது யாருன்னு நெனச்ச?" என்றார். "ஒனக்கு அக்கான்னா எனக்கு யாரு அவ?"

அப்போதுதான் அவர் சட்டையைப் பார்த்தேன். முதுகெல்லாம் நனைந்து காய்ந்து உப்புப் பூத்திருந்தது. நாலு டயரையும் அவர் வயசில் காலால் மிதித்து ஏற்றியிருக்கிறார். காற்று விஷயத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எவன் புத்தியில் மண் விழுந்ததோ அவன் அங்கே கேஜும் கையுமாக நின்றுகொண்டிருந்தான்.

யோசனை சொல்ல ஆளா பஞ்சம். டிராக்டரில் கட்டி இழுக்கலாம் என்றார்கள். கயிறு வெடுக்கென்று இழுத்தால் அக்காவின் முதுகு என்ன ஆவது? நாற்காலி கொண்டுவந்து தூக்கிவிடலாம் என்றார்கள். உள்ளேயிருந்து அக்காவின் சத்தம் வந்தது.

"எவனாவது என்மேல கைய வச்சீங்க, இந்த மண்ண அள்ளி மூஞ்சில எறிவேன். ஏல பால்துரை, நீதான கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன? கூட்டிட்டுப் போ."

நான் அத்தான் பக்கத்தில் போய் நின்று, "காத்த நாந்தான் எறக்கி வச்சேன் அத்தான். மணலுக்கு அப்படித்தான் வேணும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். "அதச் சொல்லித் தொலைக்கதுக்கு என்னல மூதி?" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டி முதல் டயரின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப்பிறகு ஆளாளுக்கு உட்கார்ந்தார்கள். நாலு சக்கரத்திலும் நாலு பேர் சாவிமுனையால் வால்வை அமுக்க, நாலு பக்கமும் உஸ்ஸென்று சத்தம். நான் கேஜை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஓடினேன். பெண்கள் பொங்கல் கரண்டியாலும் பானை மூடியாலும் சக்கரத்துக்கு முன்னால் மணலைச் சரித்தார்கள். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போன பெரியம்மா பனைமட்டை இழுத்துவந்து சக்கரத்தடியில் போட்டார். நாலு டயரும் வயிறு தொங்கித் தட்டையாகின.

ஏறி உட்கார்ந்தேன். பொத்தானை விளக்கு நின்று எரியும்வரை அமுக்கினேன். 4L, இரண்டாம் கியர். மிதிக்கவில்லை, காலை வைத்தேன், அவ்வளவுதான். பின்னாலிருந்து அக்கா, "பைய... பைய... அவசரமில்ல" என்றாள். பிரசவம் பார்க்கிறவள் மாதிரி இருந்தது குரல். மட்டை நெரிந்தது. வண்டி ஒரு தடவை மூச்சு இழுத்து, எழுந்து, மேலே வந்து மிதந்தது. குலவைச் சத்தம் காதைப் பிளந்தது.

மணலில் நிறுத்தக்கூடாது. அதனால் அத்தானை ஏற்ற நிற்கவில்லை. பாவம், வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். மேடு ஏறி, மேடு இறங்கி, பனைகளுக்கு ஊடே வளைந்து, சாஸ்தா முன்னால்தான் பிரேக் போட்டேன். திரும்பிப் பார்த்தேன். அக்கா நிம்மதியாக வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டேன். சுகந்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், கிண்டல் பண்ணவில்லை.

அத்தான் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா இறங்கினாள். நடந்தே சன்னதிக்குப் போனாள். பூசாரி தீபாராதனைத் தட்டை எடுத்தார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். கும்பிடவில்லை. இடுப்பு பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு, பக்கத்துவீட்டுக்காரனிடம் பேசுகிற மாதிரி சாஸ்தாவிடம் பேசினாள்.

"அடுத்த பங்குனிக்கு நான் வரமாட்டேன். அது ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தா நிக்க ரெண்டு கோட்டிக்காரவியளும் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்காவ, இருக்கட்டும். ஒரு வருசம் ஒனக்குப் பொங்கல் வைக்காம இருந்திருக்கனா? ஒருத்தன் சோத்துல மண்ணள்ளிப் போட்டிருக்கனா? பின்ன ஏன்? அத மட்டும் எனக்குச் சொல்லு. அதுக்குத்தான் இம்புட்டுத் தூரம் வந்தேன்."

கற்பூரம் எரிந்து முடிந்தது. அத்தான் வேட்டி நுனியை வாயில் திணித்துக்கொண்டு நின்றார். அக்கா கொஞ்சநேரம் நின்று பார்த்தாள், திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டாள், "பொங்கலுக்கு வெல்லம் தட்டியாச்சா?" என்று கேட்டுக்கொண்டு நிழலுக்குப் போனாள்.

ஏப்ரல் 12, சனி

காலையில் தூத்துக்குடிக்குக் கிளம்பலாம் என்று டயருக்குக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தேன். அத்தானும் முறை வைத்து மிதித்தார். அக்கா வாசலுக்கு வந்து நின்றாள். குளித்து, வேறு சேலை கட்டியிருந்தாள்.

"காத்த அடிக்காதிய. இன்னைக்கும் போவணும்."

"எங்கக்கா?"

"சாஸ்தாகிட்டதான்."

"நேத்துத்தான கும்பிட்டோம்?"

"நேத்து நான் எங்க கும்பிட்டேன், கேட்டுட்டுல்லா வந்தேன். பதில் வச்சிருக்கானான்னு பாக்காண்டாமா?"

அத்தான் குனிந்து சாவியால் வால்வை அமுக்க ஆரம்பித்தார். நான் கடைக்குப் போன் பண்ணி இன்றைக்கு வரமாட்டேன் என்றேன்.

போனோம். திருவிழாக் கூட்டம் எல்லாம் போய், தேரியில் எங்களைத் தவிர ஒரு ஈ காக்காய் இல்லை. அக்கா சன்னதி முன்னால் நாற்காலி போடச் சொல்லி, உட்கார்ந்து, சாஸ்தாவை முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தானும் நானும் பின்னால் நின்றோம். வெயில் ஏறியது.

"சொல்ல மாட்டேங்கான்" என்றாள் கடைசியில். "நாளைக்கும் வண்டியக் கொண்டா."